இது எதற்கான குதிரை?

குதிரை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது விலையை அல்ல. "இது எதற்கான குதிரை?" என்பதுதான் கேள்வி. ஒன்ராறியோவில் குதிரை விற்பவர்கள் வயது, உயரம், நிறம் இவற்றோடு அது எந்தச் சாதி, எந்த வேலைக்குப் பழக்கப்பட்டது என்பதையும் தவறாமல் எழுதுகிறார்கள். தடை தாண்டவா, நீண்ட தூரம் போகவா, மாடு சாய்க்கவா, வண்டி இழுக்கவா, அல்லது பிள்ளைகள் ஏறிப் பழகவா? இதற்குப் பதில் தெரியாமல் குதிரை வாங்குகிறவரைக் குதிரைக்காரர்கள் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள்.

'இனம்' என்று எழுதுவதுதான் நாகரிகம். ஆனால் ஊரில் நாங்கள் அப்படிச் சொன்னதில்லை. சாதி நாய், சாதி மாடு, சாதிக் குதிரை என்றுதான் சொன்னோம். மிருகத்துக்கும் மனிதருக்கும் ஒரே சொல். மொழி தற்செயலாக அப்படிச் செய்துவிட்டது என்று நான் நம்பவில்லை. ஒரு மிருகத்தைப் பார்த்து இது இன்ன வேலைக்குப் பிறந்தது என்று சொல்லும் வாய், ஒரு மனிதரைப் பார்த்தும் அதையே சொல்லிப் பழகியிருக்கிறது. ஆகவே குதிரை பற்றிய இந்தக் கேள்வியை, முதலில் குதிரையின் மட்டில் நியாயமாகப் பார்த்துவிட்டு, பிறகு எங்கள் பக்கம் திருப்பிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். குதிரையை வெறும் உவமையாக்கிவிட்டு ஓடிப்போவது குதிரைக்குச் செய்யும் மரியாதை அல்ல.

ரொறன்ரோவில் குதிரையா என்று கேட்பவர்கள் எங்களுக்குள் பலர். வூட்பைன் என்றால் ஒருவருக்கு டான்ஃபோர்த்தில் இறங்கும் சப்வே நிலையம். இன்னொருவருக்கு விமானநிலையப் பக்கம் காசு விழுங்கும் மெஷின்கள் நிற்கும் மண்டபம். மெஷின்களுக்குப் பின்னால் பெரியதொரு ஓட்டத்திடல் இருப்பதைப் பார்க்காமலே திரும்பியவர்களையும் எனக்குத் தெரியும். 1956இல் ரெக்ஸ்டேல் பக்கம் இந்தத் திடல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் வூட்பைன் என்ற பெயர் குயின் வீதியின் கிழக்கே, ஏரிக்கரையில் இருந்த பழைய திடலுக்கு உரியது. பெயரைப் புதியதற்குக் கொடுத்துவிட்டுப் பழையது கிரீன்வூட் என்ற பெயரில் 1993 கடைசிவரை உயிரோடிருந்தது. பிறகு இடிக்கப்பட்டு வீடுகளாகிவிட்டது. எங்களில் முதல் வந்தவர்கள் சிலர் அந்தத் திடலை ஸ்றீட்காரில் இருந்து பார்த்திருப்பார்கள்.

வூட்பைனில் நெடுங்காலம் இரண்டு சாதிக் குதிரைகள் ஓடின. ஒன்று தொறபிறெட். முதுகில் ஆளை ஏற்றிக்கொண்டு நாலு கால் பாய்ச்சலில் போவது. மற்றது ஸ்ராண்டர்ட்பிறெட். இரண்டு சில்லுள்ள சிறிய வண்டியில் ஓட்டி குந்தியிருக்க, அதை இழுத்துக்கொண்டு போவது. 2018இல் வண்டி ஓட்டத்தை முழுமையாகக் கம்பல்வில்லில் உள்ள மோஹோக் திடலுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டாவது வகைதான் என்னை எப்போதும் யோசிக்க வைப்பது. அதற்குப் பாய்ச்சல் தடை. சிலவற்றில் முன் இடதும் பின் வலதும் சேர்ந்து எழவேண்டும்; சிலவற்றில் இடது பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்தும் வலது பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்தும் எழவேண்டும். ஆசை மிஞ்சிப் பாயத் தொடங்கினால் ஓட்டி கடிவாளத்தை இழுத்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்றவை போய்விடும். பாயத் தெரிந்தும் பாயாமல் இருக்கிற குதிரைதான் அங்கே வெல்கிறது.

இது பயிற்சி மட்டும் அல்ல என்று இப்போது தெரிகிறது. 2012இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் குதிரையின் நடையைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஏற்பட்ட ஒரு சிறிய மாற்றம் ஐஸ்லாந்துக் குதிரைகளுக்கும் ஸ்ராண்டர்ட்பிறெட் குதிரைகளுக்கும் அந்த விசேட நடையைக் கொடுத்திருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 2010இல், டப்ளினில் செய்த ஆய்வொன்று தொறபிறெட் குதிரைகளுக்குள்ளேயே குறுந்தூரம் ஓடக்கூடியது எது, நெடுந்தூரம் தாங்கக்கூடியது எது என்பதைத் தசை வளர்ச்சியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை வைத்துப் பெருமளவு சொல்லலாம் என்று காட்டியது. ஆகவே குதிரைக்காரர் காலாகாலமாகக் கண்ணால் பார்த்துச் சொன்னதில் உண்மை இருந்திருக்கிறது.

மற்றச் சாதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் குவாற்றர் ஹோர்ஸ் கால் மைல் தூரத்தை வெடித்தாற்போல் கடக்கும். மாட்டின் போக்கை மாடு தீர்மானிக்கும் முன்னரே அறிந்து திரும்பும். நூறு மைல் மலைப்பாதையில் ஒரு நாளில் போகவேண்டுமென்றால் அராபியக் குதிரைதான். ஹனோவேரியன் முதலிய ஜேர்மன் சாதிகள் தடை தாண்டவும், இசைக்கு ஆடுவதுபோல் அடியெடுத்து வைக்கவும் பெயர் போனவை. பேர்ஷரோன், பெல்ஜியன், கிளைட்ஸ்டேல் எல்லாம் பாரம் இழுக்கப் பிறந்த மலைகள். நவம்பரில் எக்ஸிபிஷன் பிளேஸில் நடக்கும் ரோயல் குளிர்காலச் சந்தைக்குப் போனால் (1922இல் தொடங்கியது) இவற்றுட் பலவற்றை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். ஆறு பேர்ஷரோன்கள் ஒரு வண்டியைப் பூட்டி இழுத்துக்கொண்டு அரங்கில் திரும்பும்போது நிலம் அதிர்வது நாற்காலியில் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

நகரத்து வீதியில் நாங்கள் காணும் குதிரை பொலிஸ் குதிரை. 1886இலிருந்து ரொறன்ரோப் பொலிசில் குதிரைப் பிரிவு இருக்கிறது. அதற்குப் பந்தயக் குதிரை உதவாது. ஒரு பிளாஸ்ரிக் பை பறந்தாலே அதற்கு நெஞ்சு படபடக்கும். கூட்டத்துக்குள்ளே அசையாமல் நிற்கவேண்டும், ஹோர்ண் சத்தத்துக்குத் திரும்பக்கூடாது. அதனால் பாரக் குதிரைகளின் கலப்பில் பிறந்த, உடம்பு கனத்த, மனம் ஆறிய குதிரைகளைத்தான் தேடுவார்கள். பிறிகேடியர் என்றொரு குதிரை அப்படிப்பட்டது, பெல்ஜியன் கலப்பு. 2006 பெப்ரவரி 24ஆம் திகதி எங்கள் ஸ்காபரோவில் ரோந்து போய்க்கொண்டிருந்தபோது ஒருவர் காரால் அதை இடித்துவிட்டு ஓடிப்போனார். கால் முறிந்த குதிரையை அந்த இடத்திலேயே முடித்துவிட வேண்டியதாயிற்று. சேவையிலிருக்கும் மிருகங்களைக் கொல்வதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் கனடாவில் வந்தது 2015இல்தான். அதுவும் எட்மன்ரனில் கொல்லப்பட்ட ஒரு பொலிஸ் நாயின் பெயரால். எந்தக் கூட்டத்துக்கும் அஞ்சாத மனம் அந்தக் குதிரைக்கு இருந்தது. கூட்டம்தான் அதன் வேலை என்று தெரிவு செய்திருந்தார்கள். தனியாக வந்த ஒரு காருக்கு எந்தச் சாதியும் பொருத்தமில்லை.

பொருத்தம் என்று ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாக் குதிரையும் ஒன்றுதான் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த வாக்கியத்தை நம்பி ஒரு கிளைட்ஸ்டேலை ஒன்றேகால் மைல் பாய்ச்சலுக்கு விட்டால் அதன் மூட்டுகள் போய்விடும். ஒரு தொறபிறெட்டை மரம் இழுக்கப் பூட்டினால் அதன் நரம்புகள் போய்விடும். ஒரு உயிரின் உடம்பு எதைத் தாங்கும் என்று கவனிப்பதிலிருந்துதான் அதன்மேல் இரக்கம் தொடங்குகிறது. எங்கள் சரித்திரத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் அரபுக் கரைகளிலிருந்து பெருந்தொகைக் குதிரைகளைப் பொன் கொடுத்து இறக்கியதையும், அவற்றிற் பெரும்பாலானவை அடுத்த ஆண்டைக் காணாமல் செத்துப்போனதையும் எழுதிவைத்திருக்கிறார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை. தீனியோ வேகவைத்த இறைச்சியும் சோறும். அங்கே பிறந்த குட்டிகளும் கால் கோணிப் போயினவாம். செத்தவற்றுக்குப் பதில் இன்னும் கப்பல்கள் வந்தன. வியாபாரிகள் லாடக்காரரை வேண்டுமென்றே வரவிடவில்லை என்றும் அவர் சொல்கிறார். குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம்! கோயில் தூணில் பாயும் குதிரையை எங்கள் சிற்பி எவ்வளவு வடிவாகச் செதுக்கியிருக்கிறான். லாயத்தில் நின்ற குதிரைக்கு என்ன தின்னக் கொடுப்பது என்பதைத்தான் ஒருவரும் கேட்டறியவில்லை.

ஆனால் பொருத்தம் உண்டு என்பது ஒன்று. அதைப் பிறப்பை வைத்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்பது வேறொன்று. இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளிக்கு ரொறன்ரோவுக்குப் பக்கத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது: நோர்தேன் டான்ஸர்.

1961 மே 27இல் ஓஷாவாவில், ஈ. பி. ரெய்லரின் வின்ட்ஃபீல்ட்ஸ் பண்ணையில் பிறந்த குட்டி அது. பந்தயக் குதிரைக்கு மே மாதக் கடைசி பிந்திய பிறப்பு. வளர்ந்தும் கட்டைதான்; முழுதாக வளர்ந்தபோதும் தோள்மட்டம் ஐந்தடி இரண்டு அங்குலம் அளவில் நின்றுவிட்டது. ரெய்லர் தன் குட்டிகளுக்கு விலை குறித்து விற்பனைக்கு விடுவது வழக்கம். இதற்குக் குறித்த விலை 25,000 டொலர். வந்தவர்கள் பார்த்தார்கள், இரத்தம் நல்ல இரத்தம் என்றார்கள், ஆள் காணாது என்றார்கள், போய்விட்டார்கள். விலைபோகாத குட்டியைப் பண்ணை தன் பெயரிலேயே ஓடவிட்டது. 1964இல் அது கென்ரக்கி டேர்பியைச் சரியாக இரண்டு நிமிடத்தில் ஓடி முடித்தது. அந்தப் பந்தயத்தில் அதுவரை எந்தக் குதிரையும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. கனடாவிற் பிறந்த ஒரு குதிரை அதை வென்றதும் அதுவே முதல் தடவை. பிறகு பிறீக்னெஸ். பெல்மொன்ரில் மூன்றாவது. பிறகு வூட்பைனில் குயின்ஸ் பிளேற். அதோடு காலில் தசைநார் கெட்டு ஓட்டம் நின்றது. அதன் பிறகுதான் அதன் பெரிய வாழ்க்கை தொடங்கியது. எண்பதுகளில் அதனோடு ஒரு பெட்டைக் குதிரையைச் சேர்ப்பதற்கு, குட்டி பிறக்கும் என்ற உத்தரவாதம்கூட இல்லாமல், பத்து லட்சம் டொலர் வரை கொடுத்தார்கள். இன்று உலகத்தில் ஓடும் தொறபிறெட்களில் மிகப் பெரும்பாலானவற்றின் வம்சப் பட்டியலில் எங்கோ அதன் பெயர் இருக்கும்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இரண்டு விதமாக முடிப்பார்கள். 'பார், இரத்தம் பேசும்' என்பார் ஒருவர். 'பார், உருவத்தை நம்பாதே' என்பார் மற்றவர். எனக்கு இரண்டிலும் திருப்தி இல்லை. அதே இரத்தத்தில் பிறந்து ஒன்றும் வெல்லாமற்போன குதிரைகளின் பெயரை யார் சொல்கிறார்கள்? சாதி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஆயிரம் தொறபிறெட்டையும் ஆயிரம் பெல்ஜியனையும் நிறுத்தினால் எந்தக் கூட்டம் வேகமாக ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இந்தக் குதிரை, இதோ என் முன்னால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும் இந்த ஒன்று, என்ன செய்யும் என்று கேட்டால் கணக்கு வாயை மூடிக்கொள்கிறது.

1956இல் பென்சில்வேனியாவில் இறைச்சிக்கு ஏற்றிய லொறியிலிருந்து ஒரு சாம்பல் நிற ஏர்க் குதிரையை எண்பது டொலருக்கு வாங்கினார் ஹரி டி லேயர் என்பவர். அவரும் நெதர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிப் பழக ஒரு சாதுவான குதிரை தேவைப்பட்டது. பிறகு அதைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு விற்றார். குதிரை வேலிகளைத் தாண்டித் தாண்டி இவர் வீட்டுக்கே திரும்பி வந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஸ்னோமன் என்ற அந்தக் குதிரை 1958இலும் 1959இலும் அமெரிக்காவின் முதல்தரத் தடை தாண்டும் குதிரையாயிற்று. தன்னால் தாண்ட முடியும் என்பதை அது சொல்லித்தான் இருந்தது. விற்ற பிறகு திரும்பி வந்ததால்தான் சொன்னது கேட்டது.

குதிரை உலகத்தில் 'இவர் எங்கள் ஆள்' என்று சொல்ல மூன்று வழிகள் இருந்திருக்கின்றன. தொறபிறெட்டுக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. 1791இல் இங்கிலாந்தில் தொடங்கியது. தாயும் தகப்பனும் அதில் இருந்தால்தான் பிள்ளையும் அதில். ஓடாவிட்டாலும் அது தொறபிறெட்தான். காற்றாய்ப் பறந்தாலும் வெளியாள் வெளியாள்தான். ஆனால் அந்தப் புத்தகத்தின் தகப்பன்வழி மூலவர் மூன்று பேரும் வெளியிலிருந்து வந்தவர்கள். மூவரில் முக்கியமானவராகிய டார்லி அராபியன் 1704இல் யோர்க்‌ஷயருக்கு வந்தது சிரியாவின் அலெப்போவிலிருந்து. இங்கிலாந்துப் பிரபுக்களின் பெருமையெல்லாம் ஒரு அலெப்போக்காரரின் பிள்ளைகள். அந்தப் பெயரை அண்மைக் காலத்தில் நாங்கள் வேறு செய்திகளிலும் கேட்டோம்.

இரண்டாவது வழி ஸ்ராண்டர்ட்பிறெட்டுடையது. 1879இல் அமெரிக்காவில் ஒரு அளவு வைத்தார்கள்: ஒரு மைலை இரண்டரை நிமிடத்துக்குள் பாயாமல் ஓடிக் காட்டு, உன்னைப் பதிவுசெய்கிறோம். சாதியின் பெயரே அந்த 'ஸ்ராண்டர்ட்' என்ற அளவிலிருந்து வந்ததுதான். பெற்றோர் யார் என்பது பின்னால் வந்த கேள்வி. அதுவும் வந்தது, உள்ளே வந்தவர்கள் பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்கள், பெற்றோர் இருவரும் பதிவில் இருக்கவேண்டும் என்றார்கள். சாதி உண்டாகும் விதத்தை இவ்வளவு குறுகிய காலத்தில், எழுத்து மூலமாக, வேறெங்கும் பார்க்க முடியாது. திறமையைப் பார்த்துத் திறந்த புத்தகம், ஒன்றிரண்டு தலைமுறைக்குள் பிறப்பைப் பார்த்து மூடுகிறது.

மூன்றாவது ஜேர்மன் வழி. வெளியாளாக இருந்தாலும் கொண்டுவா, நடக்க விட்டு, தாண்ட விட்டு, கால் பார்த்து, பிடித்தால் சேர்ப்போம் என்பது. கொஞ்சம் அதிகாரி மணம் அடிக்கும் வழி. ஆனால் கதவு திறந்திருக்கிறது.

இந்த மூன்றையும் படித்தபோது எனக்குக் குடிவரவு அலுவலகம்தான் ஞாபகம் வந்தது. 1967இல் கனடா புள்ளி முறையைக் கொண்டுவந்தது. அதுவரை எந்த நாட்டிற் பிறந்தாய் என்று கேட்டவர்கள், அதன் பிறகு என்ன படித்தாய், என்ன வேலை தெரியும் என்று கேட்டுப் புள்ளி போட்டார்கள். முதலாவது புத்தகத்திலிருந்து மூன்றாவது புத்தகத்துக்கு ஒரு பாய்ச்சல், நல்ல பாய்ச்சல்தான். ஆனால் எங்களிற் பெரும்பாலானோர் அந்த வழியாலும் வரவில்லை. 1986 ஒகஸ்ற் மாதம் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு வெளியே, மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தார்கள். மீன்பிடிக்கப் போனவர்கள் கண்டார்கள், ஏற்றினார்கள். அந்தப் படகை நெருங்கிய மீனவர் எவரும் 'நீங்கள் எதற்கான ஆட்கள்?' என்று கேட்டிருக்க மாட்டார். புள்ளி முறை பொருத்தம் பார்ப்பது. அகதிக்குக் கொடுக்கும் இடம் பொருத்தம் பாராமல் கொடுப்பது. முந்தியதற்கு நாங்கள் நன்றி சொல்லப் பழகியிருக்கிறோம்; பிந்தியதை ஏதோ குறைந்ததுபோல, பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுகிறோம். எது உயர்ந்தது என்று கேட்டால் நான் பிந்தியதைத்தான் சொல்வேன்.

(இடையில் ஒன்று. 1860இல் ரொறன்ரோவில் முதன்முதலாக ஓடிய குயின்ஸ் பிளேற், 2023இலிருந்து கிங்ஸ் பிளேற், கனடாவிற் பிறந்த மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரியது. பெற்றோர் எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை, இந்த மண்ணில் விழுந்தாற் போதும். அந்தக் கணக்குப்படி எங்கள் பிள்ளைகள் ஓடலாம், நாங்கள் வேலியில் நின்று பார்க்கலாம்.)

இப்போது மனிதரின் சாதிக்கு வருகிறேன். குலத்தொழிலை நியாயப்படுத்துகிறவர்கள் குதிரையைத்தான் துணைக்கு அழைப்பார்கள். பந்தயக் குதிரைக்குப் பிறந்தது பந்தயத்துக்குத்தானே, அதுபோலத்தான் என்பார்கள். இந்த 'அதுபோல' என்ற சொல்லில்தான் களவு நடக்கிறது. குதிரையின் சாதியை உண்டாக்கியவன், நன்றாக ஓடுகிறவற்றைப் பொறுக்கி எடுத்து, ஓடாதவற்றை விலக்கி, இருநூறு முந்நூறு ஆண்டுகள் அந்த ஒரே நோக்கத்தோடு இருந்தான். எங்கள் ஊரில் அப்படி யார் இருந்தார்கள்? மரம் ஏற வல்ல கால்களை ஒருவரும் வளர்த்தெடுக்கவில்லை. ஏறுகிறவரின் மகனை ஏறச் சொன்னார்கள்; ஏறாவிட்டால் அடித்தார்கள்; பள்ளிக்கூட வாங்கில் இருந்தால் எழுப்பி நிலத்தில் இருத்தினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்று தடுத்தவர்களிடம் எந்த மரபணுக் கணக்கும் இருக்கவில்லை. குதிரைக்கு முதலில் திறமை, பிறகு சாதி. எங்களுக்கு முதலில் சாதி. திறமையோ, அந்தச் சாதிக்கு விதித்த வேலையைச் செய்யச் செய்ய வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். குதிரையோடு ஒப்பிடுவதால் மனிதருக்கு அவமானம் என்கிறார்கள். எனக்கு இங்கே குதிரைக்குத்தான் அவமானம் என்று படுகிறது.

கிழக்குப் பிரஷ்யாவில் திரேக்கேனன் என்ற இடத்தில் 1732இல் அரசர் ஒருவர் தொடங்கிய பண்ணையிலிருந்து வந்த சாதி திரேக்கேனர். மெல்லிய தலை, நீண்ட அடி. குதிரைப்படைக்குப் பெயர் போனவை. 1936 பேர்லின் ஒலிம்பிக்கில் அவை பதக்கம் வென்றன. 1945 ஜனவரியில் சோவியத் படைகள் நெருங்க, சனம் வெளிக்கிட்டது. ஆண்களிற் பெரும்பாலோர் போர்முனையில். பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும், பண்ணை வண்டிகளில் பெட்டி படுக்கையை ஏற்றி, இந்த அரசகுமாரக் குதிரைகளைப் பூட்டினார்கள். உறைந்து கிடந்த கடலேரியின் பனிக்கட்டிக்கு மேலால் போனார்கள். மேலே விமானங்கள் சுட்டன. கீழே பனிக்கட்டி உடைந்து வண்டியோடு குதிரை இறங்கியது. பட்டியலில் பல்லாயிரமாக இருந்த சாதியில் மேற்கு ஜேர்மனிக்கு வந்துசேர்ந்தவை ஆயிரத்துக்கும் குறைவு. அவையும் எலும்பும் தோலும். அவற்றில் மீந்தவற்றை வைத்துத்தான் அந்தச் சாதியை மீட்டார்கள்.

கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் வெளிக்கிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. நான் கவனிப்பது வேறொன்றை. சவாரிக்குப் பெயர் போன குதிரை அகதிகளின் வண்டியை இழுத்தது. அப்படியொரு பயணத்தைத் தாங்கும் என்று ஒருவரும் அதைப் பற்றி எழுதிவைத்திருக்கவில்லை. தேவை வந்தபோது சாதியின் பட்டியலில் இல்லாத ஒன்றை அது செய்தது. செய்ததனால் அது பாரக் குதிரையாகவும் ஆகிவிடவில்லை.

'இது எனக்கான வேலை இல்லை.' ரொறன்ரோவில் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் எத்தனை ரெஸ்ரோரன்ற் அடுக்களைகளில் இந்த வாக்கியம் தமிழிற் சொல்லப்பட்டிருக்கும்! கோப்பை கழுவிய கணக்காளர், விடிய நாலு மணிக்குப் பேப்பர் போட்ட ஆசிரியர், இரவு முழுதும் கட்டடம் காத்த எஞ்சினியர். இந்த வாக்கியத்துக்குள் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. முதலாவது: நான் வருடக்கணக்காகக் கற்ற ஒன்று வீணாகிறது, என் கைக்குத் தெரிந்ததைச் செய்ய விடுங்கள். இது நியாயமான முறைப்பாடு. உன்னிடம் கனடிய அனுபவம் இல்லை என்று கூறி ஒரு வைத்தியரை ரக்சி ஓட்ட விடுவது, தொறபிறெட்டை மரம் இழுக்க விடுவதைப் போன்ற ஊதாரித்தனம். இரண்டாவது: கோப்பை கழுவுவதற்கென்று வேறு ஆட்கள் பிறந்திருக்கிறார்கள், நான் அவர்களில் ஒருவன் அல்ல. இது முறைப்பாடு அல்ல. ஊரிலிருந்து பெட்டியிற் கொண்டுவந்த பழைய புத்தகம்.

துக்கம் என்னவென்றால் இரண்டும் ஒரே குரலில், ஒரே பெருமூச்சோடுதான் வெளிவரும். சொல்கிறவருக்கே எது எதுவென்று தெரியாது. அந்தக் கழுவு தொட்டியின் முன்னால் எல்லாச் சாதியும் ஒரே சவர்க்கார நீரில் கை வைத்து நின்றது. எங்கள் ஊர் நூறு வருடத்தில் செய்யாததை ஒரு சைனீஸ் கடைக்காரர் ஒரு ஷிஃப்றில் செய்துவிட்டார். பிறகு நாங்கள் வீடு வாங்கினோம். வீடு வாங்கியபின் மணமகள் தேவை என்று விளம்பரம் போட்டோம். அந்த விளம்பரங்களை வாசிக்கும்போது எனக்குக் குதிரை விற்பனை விளம்பரங்கள் நாகரிகமானவையாகத் தெரிகின்றன. அவற்றில் குறைந்தது, குதிரைக்கு என்ன செய்யத் தெரியும் என்றாவது எழுதியிருக்கும்.

எங்களுக்கும் ஒரு குதிரை உண்டு. நெடுந்தீவுக் குதிரை. பறங்கியரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து விட்டவற்றின் வழி வந்தவை என்பார்கள். ஒல்லாந்தர் அங்கே குதிரை வளர்த்தார்கள். பிறகு ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற இராணுவ அதிகாரி அந்தத் தீவைப் பரிபாலித்தபோதும் வளர்ப்பு நடந்தது. லாயங்களின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. பிறகு படைக்குக் குதிரை தேவைப்படவில்லை. வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் நின்றுவிட்டன.  கட்டையாகி, வெயிலில் நிறம் மங்கி, வெளியில் மேய்ந்து திரிகின்றன. வரட்சி ஆண்டுகளில் தண்ணீரில்லாமல் சாகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கியபின் உல்லாசப் பயணிகள் படம் எடுக்கிறார்கள்.

ஸ்காபரோவில் முதியோர் கட்டடம் ஒன்றில் இருக்கும் ஒரு நெடுந்தீவு அண்ணையிடம், உங்கள் குதிரைகள் எந்தச் சாதி, எதற்கு உதவும் என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்டுக்கும் உதவாது தம்பி. உதவாததாலைதான் இண்டைக்கும் நிக்குது. உதவியிருந்தால் ஆரும் கொண்டு போயிருப்பாங்கள்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் கோடைக்குத் தண்ணி வைக்கவேணும். அதை நாங்கள் செய்யத்தானே வேணும். கொண்டு வந்து விட்டது மனிசர்தானே," என்றார். தத்துவ வகுப்புக்குப் போனவர் அல்லர். ஆனால் எது உரிமை, எது கடமை என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. குதிரைக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு அது எதற்கான குதிரை என்று அவர் கேட்கவில்லை.

ஒரு நோக்கத்துக்காக ஒரு உயிரை நாங்களே உண்டாக்கினால், நோக்கம் முடிந்தவுடன் எங்கள் பொறுப்பும் முடிந்ததா? ஒன்ராறியோவில் இந்தக் கேள்வி 2013இல் சட்டென்று வந்தது. 1998 முதல் ஓட்டத்திடல்களில் வைத்த மெஷின்களின் வருமானத்தில் ஒரு பங்கு குதிரைத் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை நம்பிக் குட்டிகளை ஈனவைத்தார்கள். 2013 மார்ச் 31உடன் மாகாண அரசு அதை நிறுத்தியது. அரசுக்கு வேறு செலவுகள் இருந்தன, அது வேறு கதை. ஆனால் வயிற்றிற் குட்டியோடு நின்ற குதிரைக்கு வரவுசெலவுத் திட்டம் விளங்காது. இன்னொன்று இதைவிடக் கசப்பு. கனடாவின் மேற்கு மாகாணங்களிலிருந்து பாரச் சாதிக் குதிரைகளை உயிரோடு விமானத்தில் ஏற்றி ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள், பச்சை இறைச்சியாக உண்பதற்கு. ஏர் இழுக்க உண்டாக்கிய உடம்பு; ஏர் போய்விட்டது; இப்போது அந்த உடம்பின் பாரமே அதன் தகுதி. இதைத் தடைசெய்யும் சட்டமூலம் 2024இல் பொதுச்சபையில் நிறைவேறியது. செனற் சபையைத் தாண்டுமுன் 2025இல் அந்த நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அதுவும் முடிந்தது. ஒரு குதிரையை 'எதற்கு' என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், கேள்வி கடைசியில் தட்டில்தான் போய் நிற்கும்.

எல்லாம் அப்படி முடிவதில்லை. ரொறன்ரோவிலிருந்து மேற்கே ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடினால் சென்ற் ஜேக்கப்ஸ். சந்தைக்கு மரக்கறி வாங்கவென்று எங்கள் ஆட்களும் போவார்கள். அந்தப் பக்கத்துப் பழைய மெனனைற் சனம் கார் வைத்திருப்பதில்லை, கறுப்பு வண்டிகளில்தான் வருவார்கள். வண்டியிற் பூட்டியிருக்கும் குதிரைகளைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்ராண்டர்ட்பிறெட். திடலில் ஓடி இளைத்தவையும், திடலுக்கு வேகம் போதாது என்று கழித்தவையும்தான். மைலுக்கு இரண்டு செக்கன் பிந்தியது அங்கே ஒரு குற்றம். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் வீதியில் அந்த இரண்டு செக்கனை ஒருவரும் எண்ணுவதில்லை. பின்னால் வரும் கார்கள் பொறுமையில்லாமல் ஹோர்ண் அடிக்கும். குதிரை காதை மட்டும் ஒருதரம் திருப்பிவிட்டு, வீதியின் ஓரத்தில் தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும்.